ஜெசிந்தா அக்கா போடாத கையெழுத்து

ஜெசிந்தா அக்கா போய்விட்டார்...

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூச்சுத் திணறல் என்று அட்மிட் பண்ணியிருந்தோம். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவே இல்லை.

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவரும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அக்காவின் இடுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை இருக்கும். வாய் மட்டும் என்னோடு பைபிள் சண்டையில் இருக்கும்.

அவருடைய புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர். பிறகு தோட்டத்து லாரி டிரைவர் ஒருவர், தங்கமான மனுஷன், அக்காவைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வந்தார்.

அக்கா முடியாது என்றுவிட்டார். புருஷன் உயிரோடு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் கூடாது என்று வேதம் சொல்கிறது. அவருக்கு அவ்வளவுதான்.

"அந்த டிரைவர ஒங்களுக்குப் புடிச்சிருந்துச்சா அக்கா?"

"புடிக்காம என்ன? எத்தன நாளு அழுதிருக்கேன். லேசுன்னு யாரு சொன்னா ஒனக்கு?"

நான் விடவில்லை. "அதெல்லாம் அந்தக் காலத்துக்கு எழுதுனது அக்கா. இப்ப யாரு அதெல்லாம் பாக்குறாங்க?"

"வலிக்கிறத எல்லாம் அந்தக் காலத்துக்குன்னு தள்ளிட்டு, ஆறுதல் சொல்றத மட்டும் எப்புடி புள்ள இந்தக் காலத்துக்குன்னு வச்சுக்கிறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது!

அடித்த புருஷனை விட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு நான் வந்தபோது, தோட்டத்து லயத்தில் தனக்கிருந்த ஒற்றைக் காம்பராவில் எங்களை வைத்துக்கொண்டதும் இதே அக்காதான். "அடி வாங்கிட்டுக் கெடன்னு வேதத்துல எங்கயும் இல்ல" என்றார்.

டிவோர்ஸ் முடிந்தது. என்னையும் மகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த செல்வாவைக் கட்ட முடிவெடுத்தேன். சேர்ச்சில் எல்லோரும் "காலம் மாறிருச்சு, நல்லா இரு" என்றார்கள். பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து கேட்டதும் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது...

அக்கா மட்டும் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "கையெழுத்து மட்டும் கேக்காத. எனக்குக் கூடாதுன்னு நெனச்சத ஒனக்குச் சரின்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது. மத்ததெல்லாம் கேளு."

"அப்ப நீங்க வரவே வேணாம்" என்று கத்திவிட்டு வந்தேன்.

வந்தார். தலவாக்கலையில் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில், கொட்டுகிற மழையில், குடையோடு. உள்ளே வரவில்லை. செல்வாவின் கூட்டாளிகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு முடியும் வரைக்கும் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

நாங்கள் வெளியே வந்ததும் என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். பிறகு செல்வாவைப் பார்த்து, "இவ மேல கை வச்சீங்க, அப்பறம் நான் வருவேன் தம்பி" என்றார். பையில் மஞ்சள் சோறும் கோழிக்கறியும் இருந்தன. விடியுமுன்னே எழும்பி ஆக்கியிருக்கிறார்.

அவ்வளவு பிடிவாதத்தையும் அவ்வளவு அன்பையும் ஒரே ஆளிடம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசிவரை அந்த விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போகவும் இல்லை.

அக்காவுக்குச் சொந்தமென்று இங்கே யாரும் இல்லை. மரணப் பதிவுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று இன்றைக்குக் கேட்டார்கள்.

நான் என்றேன்.

நாளைக் காலையில் அதே ஆபீஸ். மத்தியானம் தோட்டத்துச் சேர்ச்சில் ஆராதனை, தெரிந்தவர்கள் வாங்க.

நான் கையெழுத்துப் போடுறேன் அக்கா... நீங்க நிம்மதியாப் போங்க.