அப்பாவின் மார்புக் கட்டு

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவரை மரத்தின் மேல் பார்த்துத்தான் பழக்கம். தரையில் நிற்கும்போது அவ்வளவாகப் பேசமாட்டார். மேலே ஏறிவிட்டால் பாட்டும் கேலியுமாகத் தோட்டமே கலகலக்கும். கேட்டால், "மேல இருந்தா யாரும் அடிக்க வர முடியாதில்லைங்க" என்பார்.

அவர் பிறந்தது ஏற்காட்டு மலையில், ஒரு காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். சேலத்துப் பக்கமிருந்து வேலை தேடி மேலே வந்த குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, மரம் ஒத்துவந்தது. காப்பிச் செடிக்கு வெளிச்சம் விழும்படி சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிப்பதும், அதே மரங்களில் படர்ந்த மிளகைப் பறிப்பதும் அவர் வேலை. மரத்தை மார்போடு அணைத்துத்தான் ஏறுவார். அதனால் அவருடைய சட்டையெல்லாம் நெஞ்சுப் பக்கம்தான் முதலில் கிழியும். தைத்துத் தைத்து அம்மாவுக்கு அலுத்துப்போகும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். எனக்கு விவரம் தெரிந்த வயது. விட்டுப்போன ஒரு மரத்தைக் கழித்து முடித்துவிடலாம் என்று ஈரத்தில் ஏறியவர், பாசியில் கால் வழுக்கிச் சறுக்கினார். பாதியில் ஒரு வெட்டுப்பட்ட கிளையின் முண்டு வலப்பக்க விலாவில் இடித்து அவரை நிறுத்தியது. தானே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தார். "ஒண்ணுமில்ல, லேசாப் புடிச்சிருக்குது" என்று படுத்தவரால் பிறகு எழுந்து உட்கார முடியவில்லை.

சித்தப்பா மலையடிவாரத்துக் குப்பனூர் வரை இறங்கிப் போய், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரை அழைத்து வந்தார். எஸ்டேட்டில் கை கால் முறிந்த பலரை மறுபடி வேலைக்கு அனுப்பியவர் அவர். கைக்குப் போடுவது போலவே அப்பாவின் மார்பைச் சுற்றி மூங்கில் பத்தைகளை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியால் இறுக்கிக் கட்டினார். "நானே வந்து அவுக்கற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் எலும்பு கூடாது என்று எங்கள் லைனில் எல்லோரும் நம்பினோம்.

முறிந்த கையை அசையாமல் வைத்துக்கொள்ளலாம். மூச்சு விடுகிறவரின் விலாவை என்ன செய்வது? அப்பாவால் பாதி மூச்சுக்கு மேல் இழுக்க முடியவில்லை. வலிக்குப் பயந்து இருமலை அடக்கினார். தனக்குச் சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று எங்களையும் வாயைத் திறக்க விடவில்லை. பிறகு காய்ச்சல் கண்டது, உதடு கறுத்தது.

எஸ்டேட் மருந்தகத்து நர்ஸம்மா வந்து பார்த்துப் பதறிப்போனார். "கட்டை உடனே எடுங்க. அவரு நல்லா மூச்சு இழுக்கணும், இருமணும். இல்லைன்னா நெஞ்சுல சளி கட்டி ஆளே போயிருவாரு."

அப்பா மறுத்துவிட்டார். "அவரே வரட்டுங்க. வேற யாராச்சும் அவுத்தா நான் மறுபடி மரமேற முடியாது."

வைத்தியரைக் கூப்பிடப் போன ஆள், பாதையில் மண் சரிந்து கிடக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். சித்தப்பாவும் உடன் மரமேறுகிறவர்களும் வாசலில் நின்றார்கள். ஒருவரும் கட்டைத் தொடத் துணியவில்லை. அம்மா உள்ளே போய், அப்பா இடுப்பில் செருகும் கத்தியை எடுத்து வந்தார்.

"மரமேறாட்டிப் போகுதுங்க. நீங்க இருந்தாப் போதும். அசையாதீங்க" என்று சொல்லி, கட்டை மேலிருந்து கீழாக அறுத்துவிட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸம்மா சொல்லித்தந்தபடி அம்மா விலாவில் தலையணையை அழுத்திப் பிடித்து, "இழுங்க, உடுங்க, இருமுங்க" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். அப்பா சொன்னபடி செய்தார், ஆனால் அம்மாவோடு பேசவில்லை. "உங்கம்மாகிட்டத் தண்ணி கேளு கண்ணு" என்று என்னிடம் சொல்வார். அம்மா பக்கத்திலேயே நிற்பார். காய்ச்சல் இறங்கியது, எலும்பும் கூடியது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. வேறு எந்த வேலையும் தெரியாத மனிதரின் பயம் அது என்று இப்போது புரிகிறது.

மழை விட்டு மிளகு பழுத்தபோது அப்பா மறுபடி மரத்தடிக்குப் போனார். மார்பால் அணைக்க முடியவில்லை. இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கயிறு போட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை மட்டும் நம்பி ஏறினார். லைனே திரண்டு பார்த்தது. உச்சிக்குப் போனதும் கிளையில் கால் ஊன்றிக் கீழே பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிடும் குரல் கேட்டது: "ஏ புள்ள, சோறு ஆக்கிட்டயா?"

அம்மா வீட்டுக்குள் போய் அழுதார்.

அதன்பின் பல ஆண்டுகள் அப்படியே ஏறினார். குளிர் காலத்தில் இடப்பக்கமாகத்தான் படுப்பார். அந்த வேலையில்தான் எங்களை வளர்த்தார், செம்மநத்தத்தில் வீடும் கட்டினார். மரமேறுவதை நிறுத்திய பிறகும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடந்தேதான் போவார். கடைசி நாட்களில் மூச்சு வாங்கியபோதும் முகம் சுளிக்கவில்லை. அம்மா கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அப்பா விழுந்து கிடந்த காலத்தில் அவருடைய மரங்களையும் சேர்த்து ஏறியவர்களுக்கும், நர்ஸம்மாவுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் அறுத்ததயெல்லாம் எதுக்குக் கண்ணு எழுதற? அந்த வைத்தியரு ஊட்டுல படிச்சா நொம்பச் சங்கடப்படுவாங்க. பாவம், மழைல நனஞ்சுக்கிட்டே மலையேறி வந்தாரு" என்றார்.

அந்த வைத்தியருக்கும் எங்கள் நன்றி.