பூட்டிய பையும் நான் எழுதப் போன மனுவும்

இது நடந்தது 1987-இல், எங்கள் புதுச்சேரியில். என் வீட்டுக்காரர் கடற்கரைக்குப் போகிற தெரு ஒன்றில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் மூலக்குளத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மனிதர் ரொம்ப நல்லவர். தொல்லையே அதுதான். சர்க்கார் ஆள் யாரைப் பார்த்தாலும், அவர் என்ன கேட்கிறார் என்று காதில் விழுவதற்குள் இவர் தலை ஆடிவிடும்.

சைக்கிள் கடைக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கோர்ட் புதிதில்லை. வாடகைக்கு எடுத்தவன் இருட்டில் விளக்கில்லாமல் போய் மாட்டுவான், சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடுவான். சைக்கிளை மீட்கக் கடைக்காரர்தான் போய் நிற்க வேண்டும். பேரைக் கூப்பிடுவார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு “ஆமாங்க” என்பார், அபராதத்தைக் கட்டுவார், பதினொரு மணிக்குள் கடையைத் திறந்துவிடுவார். “நான் செய்யலைங்க” என்று சொல்லப்போனால் வாய்தா மேல் வாய்தாவாக அலைய வேண்டும். அதற்குப் பயந்தே எல்லோரும் ஒத்துக்கொண்டு வருவார்கள்.

கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. தெரிந்தவர் என்றால் நோட்டில் பேரை எழுதிவிட்டு சைக்கிளை எடுத்துப் போகலாம். ஊருக்குப் புதியவர் என்றால் கைக்கடிகாரமோ பையோ ஏதாவது ஒன்றை ஈடாக வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படி ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் சின்னப் பூட்டுப் போட்ட ஒரு பையை வைத்துவிட்டு சைக்கிள் எடுத்துப் போனார். போனவர் போனவர்தான். சைக்கிள் மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது, ஆளைக் காணோம். இவரோ அடுத்தவர் பொருள் என்று அந்தப் பையை ஆணியில் மாட்டித் தினமும் தூசி தட்டிக்கொண்டிருந்தார்! “இன்னாங்க அது, தூக்கிப் போலீஸ்ல குடுத்துட்டு வாங்களேன்” என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். “ஆள் வந்து கேட்டா இன்னா பதில் சொல்றது?” என்பார்.

ஆள் வரவில்லை. எட்டாம் நாள் போலீஸ்தான் வந்தது. அந்த வெள்ளைக்காரரைத் தேடி வந்தவர்கள் பையைப் பார்த்தார்கள், பூட்டை அறுத்தார்கள். உள்ளே துணிக்கு நடுவே கஞ்சாப் பொட்டலம். இவரைக் கூட்டிப் போய்விட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து சொன்னபோது நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் கையை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்துப் பட்டியை வைத்துத் தைத்துவிட்டேன். ஸ்டேஷனுக்குப் போனால், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். “படிச்சுப் பாத்தீங்களா?” என்றேன். “அவங்க எழுதினத நாம படிச்சா மரியாதையா இருக்குமா?” என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. மறுநாள் அவரை ரிமாண்ட் செய்து, பெரிய மார்க்கெட் பக்கத்திலிருந்த ஜெயிலில் வைத்தார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் யோசனை சொல்கிறவர்களின் படையெடுப்பு. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லை. எல்லோரும் ஒரே பாட்டு. என் அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். “கஞ்சா கேஸ்தானே, கொலையா பண்ணிட்டாரு? ஒத்துக்கிட்டா ஃபைன் போட்டு உட்டுடுவாங்க. வக்கீல் வச்சா இழுத்துக்கினே போவும். கோர்ட்டுல டைப் அடிக்கிறவங்க இருப்பாங்க, ஒரு மனு எழுதிக் குடுத்துடு” என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இத்தனை வருடமும் அப்படித்தானே விளக்குக் கேஸெல்லாம் முடிந்தது? ஜெயிலில் பார்த்தபோது இவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். “அப்படியே பண்ணிடும்மா, கடை மூடிக் கெடக்குது” என்றார். கம்பிக்குப் பின்னால் நிற்கிறவருக்குக் கடைக் கவலை!

கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போனேன். கண்ணாடி போட்ட, சிடுசிடுப்பான ஆள். நான் சொல்லச் சொல்ல அடித்தார். என் கணவர் பையில் கஞ்சா வைத்திருந்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், கருணை கூர்ந்து அபராதம் விதித்து விடுதலை செய்ய வேண்டும் என்று சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யம்மா, உன் வீட்டுக்காரரு கஞ்சா விக்கிறாரா?”

“ஐயோ, பீடி கூட குடிக்க மாட்டாருங்க.”

“அப்ப இன்னாத்துக்கு ஒத்துக்குறாரு? புதுச் சட்டம் வந்து ரெண்டு வருஷமாவுது. அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். சைக்கிள் விளக்குன்னு நெனச்சுக்கினியா?”

ஐந்து வருடம்! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்தத் தாளை உருவி நாலாகக் கிழித்துப் போட்டார். காசும் வாங்கவில்லை. “எந்திரி, எந்திரி, அழுவறத வீட்ல போய் அழு” என்று சத்தம் போட்டுக்கொண்டே, ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனார்.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பொறுமை என்னைவிடக் குறைவு. நடந்ததைக் கேட்டு முடித்ததும், “உங்க தெருவுல இருக்கிற அத்தனை பேரையும் கூட்டி வாங்க, நான் ஒரே தடவையா திட்டிடறேன்” என்றார். அப்புறம்தான் விளக்கினார். போலீசிடம் ஒத்துக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டது கோர்ட்டில் செல்லாது. ஆனால் ஜட்ஜ் முன்னால் வாயைத் திறந்து ஒத்துக்கொண்டால் அதோடு சரி. பொருள் கடையில் இருந்தது உண்மை. உள்ளே என்ன இருந்தது என்று இவருக்குத் தெரியாது என்பதை நாம்தான் காட்ட வேண்டும், இந்தச் சட்டம் அப்படி. “பூட்டை அறுத்தாங்கன்னு சொன்னீங்களே, சாவி யாருகிட்ட இருந்துச்சு?” என்று கேட்டார். அதை அதுவரை ஒருத்தர்கூட என்னிடம் கேட்டிருக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கடை நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். சைக்கிள் நம்பர், எடுத்த நேரம், பூட்டிய பை ஒன்று, கீழே அந்த வெள்ளைக்காரரின் கிறுக்கல் கையெழுத்து, எல்லாம் அதில் இருந்தது.

ஜாமீன் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. வழக்கு முதல் முறை கூப்பிட்ட அன்று என் உயிர் என்னிடம் இல்லை. கோர்ட் வாசல் வரை இவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். “இல்லைங்கன்னு சொல்லணும், இல்லைங்க, புரியுதா?” என்று. “நான் இன்னா கொழந்தையா?” என்று கோபித்துக்கொண்டார். ஜட்ஜ் குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இவர் வழக்கப்படி கையைக் கட்டினார். தலை லேசாக ஆட ஆரம்பித்தது. வாய் “ஆ...” என்று திறந்தது. வக்கீலம்மா சடாரென்று திரும்பி ஒரு முறை முறைத்தார். “இல்லைங்க ஐயா, எனக்குத் தெரியாதுங்க” என்றார் இவர். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

அப்புறம் ஒன்றரை வருடம் அலைந்தோம். சாட்சி வராத நாள், ஜட்ஜ் லீவு, கரண்ட் இல்லை என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு காரணம். கடைசியில் விசாரணையில் வக்கீலம்மா போலீஸ்காரரிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார். கடையிலோ இவரிடமோ சாவி இல்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார். நோட்டையும் பார்த்த ஜட்ஜ் இவரை விடுதலை செய்தார். வெளியே வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பையிலிருந்த துணியை யாரிடம் கொடுப்பது என்பதுதான். நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

டைப் அடித்தவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். “சரி, சரி, தள்ளி நில்லு, வெயில மறைக்காத” என்றார், அவ்வளவுதான்.

இன்றைக்கும் யாராவது கேஸ் என்று வந்து, “ஒத்துக்கிட்டா சீக்கிரம் உட்டுடுவாங்களாமே” என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. என்ன சட்டம், என்ன குற்றம் என்று முதலில் ஒரு வக்கீலிடம் கேள் என்று கத்திவிடுகிறேன். ஆனால் அந்தக் கோபம் அவர்கள் மேல் இல்லை. போலீசும் இல்லை, அந்த வெள்ளைக்காரரும் இல்லை, என் வீட்டுக்காரர் ஒரு வேளையாவது சீக்கிரம் வீட்டுச் சோறு சாப்பிட வேண்டுமே என்ற அவசரத்தில் அவரை ஐந்து வருடம் உள்ளே அனுப்ப மனு எழுதப் போனது நான்தான் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.