ஆறு கம்பியில் ஏழு ஸ்வரம்

பேருந்து நிலையத்தின் மூன்றாவது வாசலில் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவளுக்கு நாற்பத்தாறு வயது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. ஆள் குட்டை, விரல்களும் குட்டை, வாய் மட்டும் நீளம். கூட்டம் இல்லாத நேரத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பத்து வருஷமாக, பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளில் (chord) சாதாரணமான நாலைந்தை வாசித்துவந்தாள். அதுவரை யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. அதற்கு மேல் ஆசைப்பட்டபோதுதான் வம்பு வந்தது.

அவளுடைய அண்ணன் பகலில் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டலில் வாசிக்கும் ஜாஸ் குழுவில், அடி ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார். அந்தக் குழுவின் பியானோக்காரர் மகள் இருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டார். கிட்டார் ஆள் கிடைத்தாலும் போதும் என்று சாக்ஸபோன் வாசிக்கும் மாஸ்டர் சொன்னதை அண்ணன் சாப்பிடும்போது உளறிவைத்தான். அவ்வளவுதான், அந்த இடம் தனக்கு வேண்டும் என்று இவள் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணனைக் கேட்காமல் மாஸ்டருக்கே போன் போட்டாள். அவர் ஒரு பாட்டின் தாளை அனுப்பி, மூன்று வாரம் கழித்து வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்.

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“பியானோக்காரருக்குப் பத்து விரல். உனக்கு நாலு, அதுவும் அரை அரையா. என் மானத்த வாங்காத.”

“உன் மானம் என் விரல்லயா இருக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் கடையைத் திறக்கப் போய்விட்டாள்.

தாளில் அவளுக்கே எட்டாத இடம் ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலாவது வரியில் ஜி-தர்ட்டீன் என்று ஒரு கார்டு. ஒன்றுவிட்டு ஒன்றாக ஸ்வரங்களை மேலே மேலே அடுக்கி, ஏழு சேர்ந்தால்தான் அது முழுசு. கிட்டாருக்கோ கம்பி ஆறுதான். இந்தக் கணக்கு உதைப்பது தெரியாமல் அந்தப் புண்ணியவதி ஒரு வாரம் போராடினாள். பெருவிரலை மேலாக வளைத்துப் போட்டுப் பார்த்தாள், மணிக்கட்டு வீங்கியது. சாவி வாங்க வந்த ஒரு கண்டக்டர், கம்பியில் சிக்கிக்கொண்டீர்களா, எடுத்துவிடவா என்று கேட்டார். அவருடைய சாவியைக் கடைசியாகத்தான் வெட்டிக் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் புத்தி வேறு பக்கம் போனது. சாவி வேலையில் கொஞ்சம் சீவு, பூட்டில் போட்டுப் பார், மறுபடி சீவு என்றுதான் நடக்கும். கார்டையும் அப்படியே சீவினாள். ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்துவிட்டுக் கேட்டாள். ஐந்தாவதைக் காணோம் என்று காது கேட்கவே இல்லை. இன்னும் இரண்டு போயின. கடைசியில் கார்டுக்குப் பேர் கொடுக்கும் அடி ஸ்வரமான ரூட்டையே எடுத்தாள். மூன்றே ஸ்வரம் மிஞ்சியது. அரை விரலுக்கும் எட்டியது. ஆனால் கீழே ஆளில்லாமல் அது அந்தரத்தில் நின்றது.

அந்த ரூட்டை பேஸ்தான் வாசிக்க வேண்டும். தினம் கால் மணி நேரம் கூட வாசி என்று கேட்டதற்கு அண்ணன் கையை விரித்துவிட்டான். சரி போ என்று அவள் சாவி மெஷினைப் போட்டாள். அது எப்போதும் ஏறக்குறைய ஜி-யிலேயே ரீங்கரிக்கும். கம்பிகளை ஒரு நூல் முறுக்கி ஏற்றி மெஷினின் சுருதியோடு சேர்த்துவிட்டு, அதன் மேல் அந்த மூன்று ஸ்வரத்தை வைத்தாள். ஜி-தர்ட்டீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சாவிக்கு நின்றவர்கள் இரும்புத்தூள் கண்ணில் பட்டுவிட்டதென்று நினைத்தார்கள்.

சோதனை நாளில் ஹோட்டல் ஹாலில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் சுற்றில் அந்த இடம் வந்தபோது அண்ணன் ஜி வாசித்தான், இவள் மூன்று ஸ்வரத்தை வைத்தாள், மாஸ்டர் தலையசைத்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வாரமாக முடியாது முடியாது என்றவன் வேறென்ன செய்வான்?

காலை வாரினான். இரண்டாவது சுற்றில் அதே இடத்தில், ஜி-யிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, டி-ஃப்ளாட்டை ஓங்கி வாசித்தான்.

அவள் காது சுட்டது. ஆனால் விரலைத் தூக்கவில்லை. தூக்கினால் தப்பு தன் தலையில் விழும் என்று தெரியும். அப்போதுதான் கேட்டது: கார்டு உடையவில்லை. அதே மூன்று ஸ்வரம் அந்த வேண்டாத ரூட்டின் மேலும் உட்கார்ந்து, முன்னைவிடக் காரமாக ஒலித்தது. அடுத்த கட்டத்தில் பேஸ் அரைப் படி சி-க்கு இறங்கியதும் எல்லாம் வீடு வந்து சேர்ந்தது.

மாஸ்டர் சாக்ஸபோனை இறக்கினார். அந்தக் கார்டின் உயிரான இரண்டு ஸ்வரமும் டி-ஃப்ளாட் கார்டுக்கும் சொந்தம், பெரிய ஆட்கள் வேண்டுமென்றே இப்படி மாற்றுவார்கள், யார் யோசனை இது என்று கேட்டார்.

“யோசனையெல்லாம் இல்ல மாஸ்டர். நான் கவுந்து விழணும்னுதான் அங்க போனான்,” என்றாள் அவள். “இன்னும் எங்க வேணா போகச் சொல்லுங்க. நான் விரல எடுக்கறதா இல்ல.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. அந்த டி-ஃப்ளாட்டைத் தாளில் குறித்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னார். அவளைச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்.

“அவ வந்தா நான் வரல,” என்றான் அண்ணன்.

அவள் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“வராம இருந்துடாதண்ணா. ரூட்ட உனக்குன்னுதான் விட்டு வெச்சிருக்கேன். நீ வரலைன்னா வேற யாராவது வாசிப்பாங்க.”

அண்ணன் சட்டைப்பையில் பென்சிலைத் தேடினான்.