ஒலி கேளாதபோதும் அக்கா அழுத்திய பொத்தான்

எங்கள் அன்பு அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். தந்தையாரை இளமையிலேயே இழந்த பின், கப்பல் முகவர் நிறுவனமொன்றின் தொலைபேசி இணைப்புப் பலகையில் பணிபுரிந்து எங்களைப் படிக்கவைத்தார். தமக்கென ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற பின்னரும் தொலைபேசி அவரை விடவில்லை. பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிடத் தனித்து வாழ்ந்த நம் தேவாலயப் பங்கின் முதிய பெண்களைக் காலைப் பூசை முடிந்ததும் ஒவ்வொருவராக அழைப்பார். "மருந்து குடிச்சனீங்களோ, இல்லாட்டி என்ர குரலைக் கேட்டாப் பிறகுதான் ஞாபகம் வந்ததோ?" என்று சீண்டுவார்.

எழுபதைக் கடந்தபின் காது மந்தமாகி, அவ்வழைப்புகள் சுருங்கின. "இனி நான் கோல் எடுக்கமாட்டன் தம்பி. அவையள் விழுந்து கிடக்கிறம் எண்டு சொன்னாலும் எனக்கு விளங்காது" என்றார் ஒருநாள். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் அழைப்புகள் நின்றால், அவர்கள் விழுந்ததை அறியவே எவருமில்லை.

வெள்ளவத்தையில் கேள்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். ஒலி புகாத அறையில் ஹெட்போன் அணிந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு சுருதியிலும் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியை அவ்வாறே அளக்கிறார்கள். அக்கா அடிக்கடி அழுத்தினார். சற்று நேரத்தில் பரிசோதகரான இளம்பெண் உள்ளே சென்று, அவருக்கு முன்னால் அமர்ந்தார்.

"அன்ரி, இப்ப நான் சத்தமே அனுப்பேல்ல. ஏன் அமத்தினீங்கள்?"

"அனுப்பியிருந்தா? லைன்ல ஆரும் காத்துக்கொண்டு நிண்டா பாவமெல்லோ பிள்ளை."

"இஞ்ச ஒருத்தரும் காத்து நிக்கேல்ல. கேக்காட்டி சும்மா இருங்கோ. அப்பதான் நான் உங்களுக்கு உதவி செய்யலாம்."

மறுமுறை அக்காவின் விரல் நெடுநேரம் அசையாதிருந்தது. கண்ணாடிக்கு இப்பால் நின்று அதைப் பார்ப்பது எனக்குத் துயரமாயிருந்தது. முதுமையால் இரு காதுகளிலும் உயர்ந்த சுருதிகள் பெரிதும் மங்கியிருந்தன. முதல் அளவீட்டை நம்பியிருந்தால், காது கேட்கும் கருவி தேவையில்லை என்றே வீடு திரும்பியிருப்போம்.

கருவிகளுக்குப் பழகச் சில வாரங்கள் சென்றன; மின்விசிறியின் இரைச்சலைத் திட்டித் தீர்த்தார். பின்னர் அழைப்புகள் மீண்டும் தொடங்கின. ஒரு காலை, கொச்சிக்கடை அன்ரி ஒருவரின் பேச்சுக்கிடையே மூச்சுத் திணறலைக் கேட்டு உடனே அம்புலன்ஸ் அனுப்பினார். அந்த அன்ரி பிழைத்துக்கொண்டார்.

அக்காவின் இறுதி நாட்களில் உடனிருந்த மருத்துவர்கள், தாதியர், இறுதி ஆசீர் வழங்கிய பங்குத்தந்தை, துக்கத்தால் எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் உணவளித்த சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் அனைவரையும் நன்றியோடு நினைக்கிறோம்.

அடக்கத்தின் மறுநாள், காலைப் பூசை முடிந்து சற்று நேரத்தில் என் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் கொச்சிக்கடை அன்ரி.

"தம்பி, மற்ற எல்லாருக்கும் கோல் எடுத்திட்டன். நீர் சாப்பிட்டீரோ?"