அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சிய அத்திப்பழ ஜாம்

லப்பைக்குடிக்காட்டுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த வருடம், வாடகை வீட்டுக் கொல்லையில் ஒரு சீமை அத்திக் கன்று வைத்தேன். மூன்றாவது மாசியில் அது வஞ்சனையில்லாமல் காய்த்தது. பழுத்தால் இரண்டு நாள் தாங்காத பழம். அணிலுக்குப் போக மீந்ததே இரண்டு வாளி. ஒரு சனிக்கிழமை காலை, ஜாம் காய்ச்சிப் பார்த்துவிடலாம் என்று செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வீட்டு அக்கா ஒத்தாசைக்கு வந்தார். அவருடைய கணவர் பதினெட்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு அப்போதுதான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அக்கா சொல்லியிருந்தார். தெருவுக்கே அப்படித்தான் தெரியும். நான் அவரை அண்ணன் என்பேன். அதிகம் பேசமாட்டார். அன்று கேஸ் தீர்ந்துபோகவே, புது சிலிண்டரை மாட்டித் தர அக்கா அவரைக் கூப்பிட்டார்.

மாட்டிவிட்டு நிமிர்ந்தவர் என் கையைப் பார்த்தார். அத்திப்பால் பட்டு விரலெல்லாம் சிவந்து அரித்துக்கொண்டிருந்தது.

“கையில எண்ணெய் தடவிக்கிட்டு நறுக்குங்க டீச்சர், பால் ஒட்டாது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இங்க கொடுங்க” என்று கத்தியை வாங்கிக்கொண்டார்.

ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் கத்தியைத் தீட்டினார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பிறகு பழத்தைப் பார்க்கவேயில்லை. கை மட்டும் ஓடியது. கால் மணி நேரத்தில் இரண்டு வாளியும் துண்டுகளாகிவிட்டன. சர்க்கரையைக் கொட்டி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தார். ஒரு சில்வர் தட்டை பிரீசரில் வைத்தார்.

“தட்டு எதுக்குண்ணே?”

“பதம் பாக்க.”

அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொதி வந்ததும் பெரிய பாத்திரத்தை அடுத்த அடுப்புக்கு மாற்ற அண்ணன் தூக்கினார். எங்கள் முதுகுப் பக்கமாகத் திரும்பும்போது, “பேக்! பேக்!” என்று, பின்னால் வருவதை எச்சரிக்கிற இங்கிலீஷில் ஒரு சத்தம் போட்டார். நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். பல பேர் சூடான பாத்திரங்களோடு ஓடுகிற இடத்தில் நாள் முழுக்கக் கத்திப் பழகிய குரல் அது. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். பாத்திரத்தை இறக்கியவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“அங்க என்ன வேல பாத்தீங்க?” என்றார் அக்கா.

“ஓட்டல் கிச்சன்ல.”

“எத்தன வருஷம்?”

“மொத்தமும்தான்.” கரண்டியை நிறுத்தாமலே சொன்னார். “சமையக்காரன்னா ஒங்க அத்தா பொண்ணு கொடுத்திருப்பாரா? அப்ப ஒண்ணு சொல்லியாச்சு. அப்பறம் மாத்திச் சொல்ல வாய் வரல.”

“லீவுல வந்திருந்தீங்களே, நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு கஞ்சி வச்சுக் கொடுத்தீங்களா? அடுப்பு பத்தவைக்கத் தெரியாதுன்னீங்களே!”

அக்கா தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

“இப்ப விட்டா அடிப்பிடிச்சிரும் டீச்சர்” என்றார் அண்ணன். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மேலும் அரை மணி நேரம் கிண்டினார். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினார். மேலே சுருக்கம் விழுந்தது. அடுப்பை அணைத்து, வெந்நீரில் போட்டு எடுத்த பாட்டில்களில் நிரப்பினார். மேடையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார். ஒரு பாட்டில்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டவளைப்போல நான் நின்றேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்தார். ஒரு பாட்டிலைத் திறந்து, நின்றபடியே ஒரு கரண்டி எடுத்துத் தின்றார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “பொய் சொன்னதக்கூட விடுங்க டீச்சர். போன்ல எப்பவும், மீன் கொழம்புக்குப் புளி எவ்ளோ, எப்ப ஊத்தணும்னு கேப்பாரு. ஒண்ணுந் தெரியாத மனுசன்னு நானும் வெலாவாரியா சொல்லிக் கொடுப்பேன். ஏன் அப்படிக் கேட்டீங்கன்னு நேத்து சண்ட போட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“நெசமாத்தான் கேட்டாராம். அங்க எத்தன தடவ வச்சும் நான் வைக்கிற மாதிரி வரலையாம்.” சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி ஜாமை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் அண்ணன்தான் சமைக்கிறார். தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான்.