ஓர்ப்படி காலில் தொட்ட வெள்ளி

பேய், செய்வினைன்னு பேசுறவங்களைக் கண்டா எனக்குச் சிரிப்புத்தான் வரும். கோயிலுக்குப் போவேன், பூசை பார்ப்பேன், அதோட சரி. நீங்களும் சிரிக்கத்தான் போறீங்க, சிரிங்க, ஆனா இது என் காலுக்கு நடந்தது.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன வருஷம். கிணத்தடியில வழுக்கி விழுந்து வலது கணுக்கால் உடைஞ்சுபோச்சு. விழிதியூர் வைத்தியர் வந்து முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைச்சு அப்பி, மூங்கில் பத்தை வச்சுக் கட்டி, நாப்பது நாள் காலை ஊனக்கூடாதுன்னுட்டாரு. தரையில உக்காந்தபடியே நகர்ந்துதான் அடுப்படி, கொல்லை எல்லாம். காய் அரியிறதும், புள்ளைக்குச் சோறு ஊட்டுறதும் அப்படியே. அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன், என் ஓர்ப்படி லூர்துமேரியைத்தான் தாங்க முடியல. எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்சாதி. எந்திரிச்சு நிக்க நான் ஊனிக்கிற தடியை எடுத்து எட்டாத உயரத்துல மாட்டிட்டுப் பூசைக்குப் போயிடுவா. ஒரு நாள் கொல்லைக்கு நகர்ந்து போறதுக்குள்ள சேலையிலேயே போயிட்டுது. அவ வந்து பார்த்துட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு, புள்ளைங்களைக் கூப்பிட்டுக் காட்டினா. அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன், இவளை விடக்கூடாதுன்னு.

எங்க ஆளுங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எந்த உறுப்புல நோவோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டுல வாங்கி, நோவுற இடத்துல தொட்டு வேண்டிக்கிட்டு, மாதா கோயில் பெட்டியில போடணும். எங்கம்மா ஒரு வெள்ளிக் கால் குடுத்தனுப்பியிருந்தாங்க. இருபதாம் நாள் மதியம் லூர்துமேரி சாப்பிட்டுட்டுக் கூடத்துல அசந்து தூங்குறா. நான் நகர்ந்து நகர்ந்து போனேன். தகட்டை முதல்ல என் கட்டுல தொட்டேன், அப்புறம் அவ வலது கணுக்கால்ல தொட்டேன். "மாதாவே, இங்கேருந்து எடுத்து இங்க வையி"ன்னேன். வேண்டுதலா அது, சொல்லுங்க? சாயங்காலம் ஜெபமாலைக்குப் போன எங்க வீட்டுக்காரர் கையிலேயே அதைக் குடுத்தனுப்பினேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது.

கோயில் மணி அடிச்சுது, என் வலி நின்னுபோச்சு. நம்பினா நம்புங்க, அதே நேரம் அடுப்படியில அவ அலறுறா. விழல, இடறல, நின்ன இடத்துல நின்னு குழம்பு கிண்டிக்கிட்டிருந்தவ.

மறுநாள் வைத்தியர் அவ காலை அமுக்கிப் பார்த்துட்டு முகம் மாறிட்டாரு. "ஏம்மா, இது உடைஞ்சு இருபது நாள் இருக்குமே, எலும்பு பாதி கூடிருச்சு, இத்தனை நாள் எப்படி நடந்தீங்க?"ன்னாரு. அப்புறம் என் கட்டை அவிழ்த்துத் தடவித் தடவிப் பார்த்தாரு. "இது உடைஞ்ச காலே இல்லையே"ன்னாரு. அவரே கட்டின கால் அது. வண்டியேறினவர் அப்புறம் எங்க தெருப் பக்கமே வரல.

அவளுக்குக் கடைசி வரைக்கும் நொண்டல்தான். எனக்குத் திருப்தியாத்தான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன், மன்னிப்பும் கேக்கல. போன வருஷம் அவளை அடக்கம் பண்ணினோம். மண்ணு போட்டுட்டு நடந்துதான் வீட்டுக்கு வந்தேன், அன்னிலேருந்து என் வலது பாதம் சில்லுன்னு கிடக்கு. வெந்நீர் ஊத்தினாலும் தெரியல. உக்காந்திருக்கிறப்ப எறும்பு, இடது காலை விட்டுட்டு, அதுல மட்டுந்தான் ஏறுது.