காற்று எட்டாத பத்து மீட்டர்

ஓல்போர்க்கில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் காற்று அனுப்பும் விசிறிகளைச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டென்மார்க்கில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. பூமிக்கடியில் நான் இறங்கிய அதிகபட்ச ஆழம், எங்கள் குடியிருப்பின் நிலவறையிலுள்ள உடுப்புத் தோய்க்கும் அறை. ஆனாலும் எங்கேயாவது விசிறி சரியாக வேலை செய்யவில்லையென்றால் என்னைத்தான் அழைக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அழைத்தவர், வட இந்தியச் சுரங்கமொன்றில் பொறியாளராக இருக்கும் தமிழ்நாட்டுக்காரர். மறுவழி இல்லாத ஒரு சுரங்கப் பாதையின் கோடியில் பன்னிரண்டு பேர் கரி வெட்டவேண்டும். விசிறி ஒரு நீண்ட குழாய் வழியே காற்றை ஊதியும் அங்கே தேங்கும் வெடிவாயு விலகவில்லை. ஆட்களை அவர் மேலே அழைத்துவிட்டார். மாலை ஷிப்டை இறக்கியே தீருவேன் என்று மேலாளர் நின்றார்.

“தம்பி, குழாயின்ர வாய் கரிச் சுவரிலயிருந்து எவ்வளவு தூரம்?”

“அளந்துட்டு வந்து சொல்றேன் சார்.”

வாயுவுள்ள சுரங்கத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது, ஒரு பொறி போதும். ஆகவே என் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் ஒருமுறை இறங்கி ஏறவேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஐந்து மீட்டர், சரியான தூரம்தான். முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“விசிறிக்குப் பின்னால சோக்குத்தூள் தூவிப் பாருங்கோ. உள்ளுக்கயிருந்து வாற கெட்ட காற்றை விசிறி திரும்ப இழுக்குதோ?”

“இதையும் அப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்?”

“ஓம் தம்பி, சொல்லியிருக்கலாம்.”

மறுபடி இறங்கி ஏறினார். இழுக்கத்தான் செய்தது.

“அப்ப விசிறியைப் பத்து மீட்டர் பின்னுக்கு, நல்ல காற்று வாற பக்கம் நகர்த்துங்கோ.”

“நகர்த்திட்டு ஷிப்டை விட்டுடறேன் சார். ரொம்ப தேங்க்ஸ்.”

பன்னிரண்டு பேரைக் காப்பாற்றிய மனிதனுக்குரிய நிதானத்தோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். அறையில் காற்றுச் சரியில்லை என்று பக்கத்து மேசை டேனிஷ்காரி ஜன்னலைத் திறந்து, ஐந்து நிமிடம் கழித்து மூடினாள். கறுத்த ரை ரொட்டியைப் பாதி மென்றபோதுதான் உறைத்தது: விசிறி பத்து மீட்டர் பின்னால் போனால், குழாயும் அதோடு போகுமே. இப்போது குழாய்வாய் கரிச் சுவரிலிருந்து பதினைந்து மீட்டர். காற்று அங்கே எட்டாது.

அழைத்தேன். சுரங்க வாசலில் ஏதோவொரு பெட்டிக்குள் அவருடைய கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு முறை அழைத்தேன். செய்தியும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமையென்பதால் இரண்டு மணிக்கெல்லாம் தொழிற்சாலை காலியாகிவிட்டது. மூன்று மணிக்குக் குரல்செய்தியாகப் பதில் வந்தது.

“நகர்த்தினப்புறம் கரிச் சுவர்கிட்ட தூவிப் பார்த்தேன், தூள் அசையவே இல்ல சார். ஆளுங்களைத் திரும்ப மேல கூட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கும் என்னால நிறுத்தி வைக்க முடியாது. நாங்க ஆர்டர் பண்ணின மிச்சக் குழாய் எப்ப வரும்?”

அவர்களுக்கான குழாய்ச் சுருள்கள் என் ஜன்னலுக்கு நேரே, பூட்டிய கம்பி வேலிக்குள் மழையில் கிடந்தன. அவற்றுக்கு மட்டும் காற்றுக்குக் குறைவில்லை. அந்தப் பூட்டின் திறப்பை வைத்திருப்பவர் கோடைவீட்டுக்குப் போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் குழாய் கப்பலில் இந்தியாவுக்குப் போய்ச்சேர வாரங்களாகும்.

‘திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதினேன்.

‘சரி சார்’ என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.